ரீகாவிலிருந்து வந்த ஒன்பதாவது தட்டு

எனக்குச் சின்ன வயதில் ஒரு வியாதி இருந்தது. எதைப் பார்த்தாலும் விலை கேட்பேன். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்வதற்குள் செருப்பு எவ்வளவு என்று கேட்டிருப்பேன். அப்பாவோடு மில்லில் வேலை பார்த்த ஒருவர் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தபோது, பெண் வீட்டில் எத்தனை பவுன் போடுகிறார்கள் என்று கேட்டு, அம்மாவிடம் தொடையில் ரத்தம் கட்டுகிற மாதிரி கிள்ளு வாங்கினேன். ஆனால் என்னைக் கண்டிக்க அம்மாவுக்கு யோக்கியதை கிடையாது என்பது என் கட்சி. வியாதி தொற்றியதே அவளிடமிருந்துதான். பெரிய மார்க்கெட்டில் கத்தரிக்காய் விலையைக் கேட்டதும் யாரோ அடித்துவிட்ட மாதிரி முகத்தைச் சுளிப்பாள். நாலு கடை தள்ளிப் போய் நிற்பாள். அப்புறம் போனால் போகிறது என்று திரும்பி வந்து, அதே கத்தரிக்காயைத் தான் சொன்ன விலைக்கே வாங்குவாள். கீரைக்கட்டில் ஐந்து பைசா குறைக்க அவள் கீரைக்காரியோடு கட்டும் மல்லைப் பார்ப்பது எனக்கு சினிமாவுக்குப் போவதைவிடப் பிடிக்கும்.

இது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. மில் சங்கு ஊதினால் எங்கள் தெருவே எழுந்திருக்கும் காலம். எனக்கு ஒன்பது வயது ஆகியும் காது குத்தவில்லை. என்னோடு படித்த பிள்ளைகளுக்கெல்லாம் தோடு, வளையம், ஒன்றுமில்லாவிட்டால் வேப்பங்குச்சியாவது காதில் இருந்தது. எனக்கு மட்டும் மூளிக்காது. பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிடுவதே அந்தப் பெயரில்தான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் இரண்டு காதிலும் பேனாவால் நீலப் பொட்டு வைத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு வியர்த்து வழிந்து அது கழுத்துவரை இறங்கியது. அதைப் பற்றி மேலே சொல்வதற்கில்லை.

காது குத்தாததற்குக் காரணம் மாமா. அம்மாவின் தம்பி. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், தாய்மாமன்தான் சீர் கொண்டுவர வேண்டும். அம்மாவின் அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். தம்பியை வளர்த்தது அம்மாதான். தாய் வீடு என்று அவளுக்கு மிஞ்சியது அவர் ஒருவர். அந்த வீடும் கப்பலேறிப் போய்விட்டது என்று அப்பா கிண்டல் செய்வார். மாமா பம்பாய்க்குப் போய், சரக்குக் கப்பல் ஒன்றின் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நடுவில் ஒரே ஒரு தடவை வந்தார், அதுவும் ஆடி மாதத்தில். ஆடியில் யார் நல்ல காரியம் செய்வார்கள்? அப்படியே தள்ளிப் போய்விட்டது.

இதில் அதிகம் வயிறு எரிந்தவள் அத்தை. அப்பாவின் அக்கா, அம்மாவுக்கு அண்ணி. ரெட்டியார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். வாரம் ஒரு தடவை பஸ் ஏறி வந்துவிடுவாள். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் என் காதைத்தான் பிடித்துப் பார்ப்பாள்.

"இன்னும் மூளியாத்தான் நிக்கிறியாடி? ஒங்க மாமன் கப்பலு கரைக்கு வரலியா, இல்ல முழுவிப் போச்சா?"

அதோடு விடமாட்டாள். போன வருஷம் சித்தப்பா மகனுக்குக் காது குத்தியபோது சித்தியின் தாய் வீட்டிலிருந்து ஒன்பது தட்டு சீர் வந்தது. அந்த ஒன்பது தட்டிலும் என்னென்ன இருந்தது, ஒவ்வொன்றும் என்ன விலை இருக்கும் என்று அம்மாவின் காதில் விழுகிற மாதிரி அப்பாவிடம் சொல்லுவாள். எனக்கு அது சுவாரசியமாக இருக்கும். வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். அம்மா தையல் மெஷினை இன்னும் வேகமாக மிதிப்பாள்.

அம்மாவின் தையல் மெஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கூடத்து மூலையில் ஜன்னலுக்குக் கீழே இருந்தது. தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். அவள் எழுந்து போனால் நான் கீழே உட்கார்ந்து இரும்பு மிதியைக் கையால் ஆட்டுவேன். ஒவ்வொரு ஆட்டலுக்கும் அது கீச், கீச் என்று கத்தும். எண்ணெய் விட்டாலும் கத்தும், விடாவிட்டாலும் கத்தும். அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குப் பகலில் தூக்கம் வராது.

அந்த வருஷம் கார்த்திகையில் மாமா வந்தார். கப்பல்காரர் வருகிறார் என்றதும் தெருவே எதிர்பார்த்தது. ரேடியோ வரும், செண்ட் வரும், மினுமினுக்கும் சட்டைத்துணி வரும் என்று ஆளாளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். மாமா ஒரே ஒரு ரெக்ஸின் பையோடு வந்து இறங்கினார். பைக்குள் இரண்டு சட்டை, ஒரு கம்பளி, செய்தித்தாளில் சுற்றிய ஒரு உருண்டை. உருண்டையைப் பிரித்து அம்மாவின் கையில் கொடுத்தார். பழுத்த பறங்கிக்காய் அளவில் சிவப்பாக, வழுவழுவென்று இருந்தது.

"சீஸுக்கா. பால்ல செய்றது. நீ எனக்குப் பாலாடைய எடுத்து எடுத்துக் குடுப்பியே, அதையே கட்டியாக்கினாப்புல இருக்கும். ஒனக்குன்னு வாங்கினேன்."

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் உடனே கேட்டுவிட்டேன், எவ்வளவு மாமா என்று. அம்மாவின் கை என் தொடைக்கு வருவதற்குள் மாமா சந்தோஷமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். என் ஆயுளில் விலை கேட்டதற்கு அவ்வளவு நீளமான பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

கப்பல் நின்ற துறைமுகத்துக்குப் பெயர் ரீகா. ரஷ்யாவுக்குள் இருக்கிறது, ஆனால் அந்த ஊர்க்காரர்களிடம் ரஷ்யா என்று சொன்னால் முறைப்பார்களாம், லாத்வியா என்றுதான் சொல்ல வேண்டுமாம். அங்கே சீஸுக்கென்றே கடை. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக வைத்திருப்பார்கள். துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் மாதிரி ஒன்று, அதுதான் இருப்பதிலேயே மலிவு. சோம்பு மாதிரி ஏதோ விதை போட்டது ஒன்று. அதை அந்த ஊர்ப் பெண்கள் வருஷத்தில் ஒரு நாள், கோடையில் ராத்திரியே சரியாக வராத ஒரு நாளில், வீட்டிலேயே செய்வார்களாம். புகை போட்டுப் பழுப்பாக்கியது ஒன்று. அப்புறம் இந்தச் சிவப்பு உருண்டை. ஒவ்வொன்றின் மேலும் விலை எழுதியிருக்கும். அதுதான் விலை. இந்தக் கடையில் என்னவோ அதேதான் அடுத்த கடையிலும், அடுத்த ஊரிலும், அடுத்த வருஷமும்.

"பேரம்?" என்றேன்.

"மூச். பேரம் பேசினா பைத்தியம்னு நெனப்பாங்க. மொதல்ல ஒரு வரிசையில நின்னு என்னா வேணும்னு பாக்கணும். அப்பறம் வேற வரிசையில நின்னு காசு கட்டிச் சீட்டு வாங்கணும். மறுபடி பழைய வரிசைக்கே வந்து சீட்டக் குடுத்தா சீஸு. காசு கட்டுற எடத்துல ஒரு அம்மா மரக்குண்டுச் சட்டம் ஒண்ணு வெச்சிகிட்டு டக்கு டக்குன்னு தள்ளிக் கணக்குப் போடும். இது கிலோ மூணு ரூபிள். ரெண்டு கிலோ."

அந்த ஊரில் செலவுக்கு என்று கொடுக்கும் ரூபிளை வெளியே கொண்டுபோக முடியாதாம். கப்பல் கிளம்புவதற்குள் செலவழித்துவிட வேண்டும். மற்றவர்கள் வேறு எதையெதையோ வாங்க, மாமா இதை வாங்கி, கப்பல் சமையற்காரரைக் கெஞ்சி, ஐஸ் அறையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். பேரமே இல்லாத ஒரு ஊர் இருக்கிறது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. அங்கே அம்மா போனால் என்ன செய்வாள், பாவம்.

மறுநாள் சமையற்கட்டில் இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காதில் விழுந்தது கொஞ்சம்தான். "அடுத்த மாசம் கட்டாயம் தர்றேன்னு சொல்லியிருக்கான்க்கா. எல்லாருக்குந்தான் நிறுத்தி வெச்சிருக்கான்" என்றார் மாமா. அம்மா, "காது குத்துறத இனிமேலும் தள்ள முடியாதுடா. நான் அண்ணி மூஞ்சில முழிக்க வேணாமா? எல்லாம் நான் பாத்துக்கறேன், நீ வாயத் தெறக்காம இரு" என்றாள். மாமாவின் பெரிய பெட்டியை யாரோ பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறான், ரேடியோவெல்லாம் அதில்தான் இருக்கும், அடுத்த மாதம் வரும் என்று நான் முடிவு கட்டினேன். தெருப் பிள்ளைகளிடமும் சொன்னேன்.

அந்த வாரமே ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது தையல் மெஷினைக் காணவில்லை. மூலை காலியாக, சுவரில் வெளுப்பாக ஒரு சதுரம் மட்டும் தெரிந்தது. எங்கே என்று கேட்டேன். ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றாள் அம்மா. அப்பாடா, கீச்சுச் சத்தத்துக்கு ஒரு வழி பிறந்ததே என்று நினைத்தேன். எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு, போய்ப் படி என்றாள்.

அந்தக் காலி மூலையில்தான் சீர்ச் சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. எனக்குப் பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, சிவப்புக் கல் வைத்த தோடு. அம்மாவுக்குப் புடவை, அப்பாவுக்கு வேட்டி. வளையல், பலகாரம் எல்லாம். எல்லாம் மாமன் சீர், மாமா வாங்கியது என்றாள் அம்மா. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாவாடையை எடுத்துக்கொண்டு மாமாவிடம் ஓடினேன். இது எவ்வளவு மாமா?

மாமா அதைப் பார்த்தார். ஜரிகையைத் தடவினார். "தெரியலியே பாப்பா" என்றார்.

கொலுசு? தெரியவில்லை. தோடு? அதுவும் தெரியவில்லை. வளையலைக் காட்டியபோது எழுந்து வாசலுக்கே போய்விட்டார். எனக்குத் தலை சுற்றியது. சீஸ் கிலோ எவ்வளவு, ரொட்டி எவ்வளவு, எந்த வரிசையில் எத்தனை பேர் என்று கடல் கடந்த ஊர்க் கணக்கையெல்லாம் ஒப்பிக்கிற மனுஷன், நேற்று தான் வாங்கிய கொலுசின் விலை தெரியாமல் எப்படி இருப்பார்? யோசித்து யோசித்து எனக்கே ஒரு பதில் கிடைத்தது. மாமா பெரிய பணக்காரர். பணக்காரர்கள்தான் விலை கேட்காமல் வாங்குவார்கள். பெருமை தாங்கவில்லை எனக்கு.

சீர்த் தட்டு எப்போதும் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். அம்மா அடுக்கிப் பார்த்ததில் எட்டு வந்தது. ஒன்பதாவதுக்குக் கற்கண்டு வைத்துவிடலாம் என்றாள். அப்போது மாமா வந்து அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"ஒம்பதாவதுக்கு நான் கொண்டாந்தத வெச்சிடுக்கா."

"அந்த உருண்டையவா? ஜனங்க சிரிக்கும்டா."

"சிரிச்சா சிரிக்கட்டும். அது ஒண்ணாவது..." என்று ஆரம்பித்த மாமா, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அம்மா அவர் தலைமுடியைக் கலைத்துவிட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் செய்கிற மாதிரி இருந்தது எனக்கு. கற்கண்டை எடுத்து உள்ளே வைத்தாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். அத்தை கட்டாயம் விலை கேட்பாள். நல்லதாக ஒரு விலை சொல்ல வேண்டும். எது நல்ல விலை என்று தெரிந்துகொண்டு வர மாமாவையும் என்னையும் அனுப்பினாள்.

எங்கள் ஊர் ஒருகாலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரத் தெருவில் ஒரு கடை இருந்தது. பிரெஞ்சுக்காரர்களும் பிரெஞ்சுப் பென்ஷன்காரர்களும் வாங்குகிற கடை. டின்னில் அடைத்த சீஸ் அங்கே மட்டும்தான் கிடைக்கும். கடைக்காரர் எங்கள் செருப்பைப் பார்த்தார், பிறகு ஒரு விலை சொன்னார். நாங்கள் நிற்கும்போதே கவுன் போட்ட அம்மாள் ஒருத்தி வந்து அதே டின்னை வாங்கினாள். அவளிடம் சொன்ன விலை வேறு. மாமா அதைக் கவனித்துவிட்டுச் சிரித்தார். "ரீகாவுல இவன் கடை வெச்சிருந்தா உள்ள புடிச்சிப் போட்டிருப்பாங்க" என்றார். திரும்பும் வழியெல்லாம் டின்னின் எடையையும் உருண்டையின் எடையையும் வைத்து நான் கணக்குப் போட்டேன். அம்மாவிடம் சொன்னதும் நூறு ரூபாய் என்று தீர்ப்புச் சொன்னாள். "பொய் எதுக்குக்கா" என்று முனகினார் மாமா. "நீ சொல்லு, போதும்" என்றாள்.

காதுகுத்து அன்று வாசலில் பந்தல் போட்டிருந்தது. தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலிலிருந்து மேளத்தோடு சீர் வந்தது. அத்தை பந்தலுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கதவு வழியாகக் கூடத்தைப் பார்த்தவள், "மெஷினு எங்க?" என்று கேட்டாள். அம்மா வாயைத் திறப்பதற்குள், "ரிப்பேருக்குப் போயிருக்குக்கா" என்று அப்பா முந்திக்கொண்டார். இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும் என்பதே எனக்கு ஆச்சரியம். வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்போதும் தெரிந்ததில்லை.

தட்டுகளை வரிசையாக இறக்கினார்கள். அத்தை ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, கொலுசைக் கையில் தூக்கிப் பார்த்து, "ம்" என்றாள். அவள் "ம்" என்றால் ஒப்புக்கொண்டாள் என்று அர்த்தம். அம்மாவின் முகம் ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. ஒன்பதாவது தட்டு வந்தது. வாழை இலைமேல் சிவப்பு உருண்டை. அதற்கு மஞ்சளும் குங்குமமும் வேறு வைத்து, தலையில் ஒரு சாமந்திப்பூவும் சொருகியிருந்தாள் அம்மா. பந்தலில் சிரிப்பு கிளம்பியது. பறங்கிக்காயா என்றது ஒரு குரல். மெழுகு பொம்மையா என்றது இன்னொன்று. அத்தை விரலால் தட்டிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்து மூக்கைச் சுருக்கினாள்.

"என்னா தம்பி இது?"

"சீஸுக்கா. லாத்வியாவுல இருந்து கொண்டாந்தேன். பால்ல செய்றது."

"என்னா விலை?"

மேளம்கூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. அம்மாவின் கால் மெல்ல நகர்ந்து மாமாவின் கால்மேல் ஏறியதை நான் பார்த்தேன். மாமா காலை இழுத்துக்கொண்டார். பிறகு, "கிலோ மூணு ரூபிள்க்கா. இது ரெண்டு கிலோ. அங்க எல்லாரும் தெனமும் ரொட்டியில வெச்சித் தின்றதுதான்" என்றார்.

போச்சு! அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தினமும் தின்கிறதைக் கொண்டுவந்து சீர்த் தட்டில் வைப்பானா ஒருத்தன்? அது நம் ஊரில் ரேஷன் அரிசியைச் சீர் வைப்பது மாதிரி. எட்டுத் தட்டில் ஏறிய மானம் ஒன்பதாவதில் இறங்கப் போகிறது என்று எனக்கே தெரிந்தது. ஆனால் அத்தை உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு சந்தேகம். "ரூபிள்னா எவ்ளோ?"

யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் சொல்தா ஐயாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சொல்தா ஐயா எங்கள் எதிர் வீட்டுக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். வெளிநாட்டுச் சங்கதி எதுவானாலும் தெருவுக்கு அவர்தான் கோர்ட்டு. அன்றைக்குக் கோட்டுப் போட்டு, மெடலைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். எழுந்து வந்து உருண்டையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "ஃப்ரொமாஜ்!" என்று சீஸைப் பிரெஞ்சில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கோட்டுப் பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்து, மேலே பூசியிருந்த சிவப்பு மெழுகைக் கீறி, ஒரு சீவல் எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். "போன். த்ரே போன்" என்று ருசியை மெச்சினார். பிறகு விரலை மடக்கிப் பிரெஞ்சில் முணுமுணுத்துக் கணக்குப் போட்டார். எங்கள் ஊர்ப் பழைய மனுஷர்களுக்கு உலகத்தில் எந்தக் காசையும் ஃப்ராங்க் வழியாகத்தான் ரூபாய்க்குக் கொண்டுவரத் தெரியும்.

"சிஸ் மில்" என்றார் கடைசியில். "ஆறாயிரம் ஃப்ராங்க்."

பந்தல் ஆடிப்போயிற்று. ஆறாயிரம்! ஃப்ராங்குக்கு எத்தனை ரூபாய் என்று பென்ஷன் வாங்கும் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஒரு ஃப்ராங்க் ஒரு ரூபாயைவிடப் பெரியது. அதற்குமேல் யாருக்கும் கணக்குப் போடத் தைரியம் வரவில்லை.

சொல்தா ஐயா பொய் சொல்லவில்லை. பிரான்சில் நூறு பழைய ஃப்ராங்கைச் சேர்த்து ஒரு புது ஃப்ராங்க் என்று எப்போதோ மாற்றிவிட்டார்கள். ஆனால் அவர் தலைக்குள் பழைய ஃப்ராங்க்தான் ஓடிக்கொண்டிருந்தது. பென்ஷனை வாங்குவது புதுக் கணக்கில், பேசுவது பழைய கணக்கில். அவருடைய வீட்டில் ஒரு கோழி விலையே நூற்றுக்கணக்கில்தான் இருக்கும். அறுபது ஃப்ராங்கைத்தான் அவர் பழைய வழக்கத்தில் ஆறாயிரம் என்றார் என்பது, பள்ளிக்கூடத்தில் நான் பிரெஞ்சு படிக்கப் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு அம்மா சொல்லச் சொன்ன நூறு ரூபாயும் அவருடைய ஆறாயிரமும் ஏறக்குறைய அண்ணன் தம்பிதான். மாமா பேசாமல் நூறு என்றே சொல்லியிருக்கலாம்.

"ஆறாயிரமா!" அத்தை நெஞ்சில் கை வைத்தாள். "அடக் கிறுக்குப் புள்ளே, அதுக்கு ஒரு கொல்லையே வாங்கியிருக்கலாமேடா!" திட்டுதான், ஆனால் குரலில் பக்தி வந்துவிட்டது.

"இல்லக்கா, அவ்ளோல்லாம் இல்ல, அது வந்து..." மாமா தவித்தார்.

"அவன் அப்படித்தான் அண்ணி," என்றாள் அம்மா, இலைமேல் விழுந்த மெழுகுத் துண்டைப் பொறுக்கிக்கொண்டே. "செய்றதச் சொல்லிக்க மாட்டான்."

அத்தை "ம்" என்றாள். அதுவரை யாரும் கேட்டிராத நீளத்தில் ஒரு "ம்".

அப்புறம் என்னை மாமா மடியில் உட்கார வைத்தார்கள். பத்தர் கம்பியோடு வந்தார். ஒன்பது வருஷமாகக் காத்திருந்த காது, கம்பியைப் பார்த்ததும் வேண்டாம் என்றது. நான் போட்ட கூச்சல் மில் சங்குக்குப் போட்டி. இரண்டாவது காது குத்தும்போது என் உச்சந்தலையில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் மாமா அழுதுகொண்டிருக்கிறார். பொண்ணுக்கு வலிக்குதுன்னு மாமன் அழுவுது பார், என்ன பாசம் என்று பெண்கள் உருகினார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. குத்தியது எனக்கு. சீர் ஜெயித்தாயிற்று, அத்தை வாயை அடைத்தாயிற்று. இவர் எதற்கு அழ வேண்டும்?

மறுநாள் வழக்கப்படி சீர்ப் பலகாரத்தை வீடு வீடாகப் பங்கு வைத்தோம். அதிரசத்தோடு ஆளுக்கொரு சின்னத் துண்டு சீஸ். தட்டைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான், புதுத் தோட்டைக் காட்டுவதற்காக. ஒரு வீட்டில் அதை எண்ணெயில் போட, உருகிச் சட்டியெல்லாம் ஒட்டிக்கொண்டு, சட்டியே போனது. ஒரு வீட்டில் ஆறாயிரம் ஃப்ராங்கு என்று பயந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார்கள். எறும்பு வந்து எடுத்துக்கொண்டது. அடுத்த வீட்டுத் தாத்தா ஒருவர் ரசத்தில் கரைத்துக் குடித்துவிட்டு முட்டி வலி குறைந்திருப்பதாகச் சொன்னார். நானும் தின்று பார்த்தேன். உப்புப் போட்ட மெழுகு மாதிரி முதலில் இருந்தது. மென்றுகொண்டே இருந்தால் அடியிலிருந்து ஒரு பால் வாசம் வந்தது. அதற்குள் துண்டு தீர்ந்துவிட்டது. இன்னொரு துண்டு கேட்டேன்.

அம்மா தரவில்லை. லட்டும் அதிரசமும் கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவள், கொலுசு தொலைந்தால் தொலையட்டும் விளையாடு என்றவள், சீஸில் மட்டும் கையைச் சுருக்கினாள். மிச்சத்தை ஈரத்துணியில் சுற்றிப் பானை அடியில் குளிர்ச்சியாக வைத்துக்கொண்டு, தினம் ஒரு நகக்கண் அளவு கிள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். அதன் வாசம் அவளுக்குப் பிடிக்காது. மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றதை நானே பார்த்திருக்கிறேன். பிடிக்காததை ஏன் தின்கிறாய் என்று கேட்டால், "என் தாய் வூட்டுச் சீரு, நான் திங்கறேன், ஒனக்கென்ன" என்பாள். அந்த மெழுகைக்கூட அவள் எறியவில்லை. உருக்கி, ஒரு சிவப்பு உருண்டையாகப் பிடித்து வைத்துக்கொண்டாள். எல்லாம் ஆறாயிரம் ஃப்ராங்க் செய்கிற வேலை என்று நினைத்தேன்.

மாமா பம்பாய்க்குத் திரும்பிப் போனார். பெரிய பெட்டி வரவே இல்லை. தெருப் பிள்ளைகளிடம் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பொங்கல் போய், மாசி போய், பங்குனியில் மாமாவிடமிருந்து மணியார்டர் வந்தது. அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி, தபால்காரருக்கு மோர் கொடுத்தாள். அந்த வாரமே மெஷின் ரிப்பேராகி வந்துவிட்டது. ஒரு தள்ளுவண்டியில் வைத்து அப்பாவும் அம்மாவுமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பழைய மூலையில், வெளுத்த சதுரத்துக்கு முன்னால், அளவெடுத்த மாதிரி நிறுத்தினார்கள். அம்மா அதன் டிராயரைத் திறந்து, அந்தச் சிவப்பு மெழுகு உருண்டையை உள்ளே போட்டாள். பிறகு வருஷக்கணக்கில், பித்தான் தைக்கும் நூலையெல்லாம் அதில் இழுத்துத்தான் விறைப்பாக்கிக்கொள்வாள்.

நான் ஓடிப்போய் மெஷினுக்குக் கீழே உட்கார்ந்து மிதியைக் கையால் ஆட்டினேன்.

கீச். கீச்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கார்த்திகையில் கொண்டுபோய்ப் பங்குனியில் கொடுக்கிறான், சத்தம் அப்படியே இருக்கிறது! இதற்கு எவ்வளவு வாங்கினான் என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா நூலை மெழுகில் இழுத்துக்கொண்டே இருந்தாள். விலை கேட்டால் கிள்ளுவாள், அல்லது திட்டுவாள். அன்றைக்கு இரண்டும் இல்லை. என் காதுத் தோட்டைத் திருகிச் சரிசெய்துவிட்டு, ஊசியில் நூலைக் கோத்தாள்.

அஞ்சு பைசாவுக்குக் கீரைக்காரியிடம் மல்லுக்கு நிற்கிற அம்மா, ஒன்றுமே செய்யாமல் மெஷினைத் திருப்பித் தந்த அந்த ரிப்பேர்க்காரனிடம் ஒரு வார்த்தை சண்டை போடாமல், முழுக் கூலியையும் கொடுத்துவிட்டு, அதுவும் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தது எனக்கு ரொம்ப நாள் ஆறவே இல்லை.